மேகாத்தும் கீகாத்தும் ஒரு ஆஷ் கியூவும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் சொந்தக் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வைத்து ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் தை மாசம் சொல்கிற புகார் ஒன்று உண்டு. "ஆடியில தேச்சு எண்ணெய் போட்டனுங்க, வழுவழுன்னு இருந்துச்சு. இப்பப் பித்தளை ஓரம் விரல்ல இடறுது." கியூ நுனியில் மாட்டிய பித்தளை வளையம் வளரவில்லை, மரம்தான் இளைத்திருக்கிறது. தேய்த்த கையில் தப்பில்லை; தேய்த்த மாசத்தில்தான் தப்பு.

பாலக்காட்டுக் கணவாயில் வருஷத்துக்கு இரண்டு காற்று. ஆனி, ஆடியில் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, சாரலோடு வரும். துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் நசநசக்கும். கார்த்திகையில் கீகாத்து, அதாவது கிழக்குக் காற்று, தொடங்கும். மலையாளத்தில் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், ஆடியில் இறுகிக் கிடந்த கதவு தானாகத் திறக்கும். அந்தக் கதவுக்கு நடப்பதுதான் கியூவுக்கும் நடக்கிறது. மரம் நீளவாட்டில் அனேகமாக மாறாது, குறுக்குவாட்டில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும், உலர்ந்து சுருங்கும். நுனியில் 9.5 மில்லிமீட்டர் இருக்கும் ஆஷ் மரத்தில் இந்த ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம். கேட்கச் சின்னது. ஆனால் ஃபெரூல் எனப்படும் அந்தப் பித்தளை வளையம் ஈரத்துக்கு அசையாது என்பதால், இரண்டும் சேரும் இடத்தில் அந்த மயிரிழை வித்தியாசத்தைக் கட்டைவிரல் உடனே கண்டுபிடித்துவிடும். ஆடியில் உப்பிய மரத்தைப் பித்தளைக்குச் சமமாகத் தேய்த்துவிட்டால், தையில் அது உள்ளே போகும். பித்தளை விளிம்பு வெளியே நிற்கும்.

அதனால் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம் சித்திரையும் வைகாசி முதல் பாதியும். ஒன்றிரண்டு கோடை மழை பெய்து காற்றின் வறட்சி கொஞ்சம் தணிந்திருக்கும், மேகாத்து இன்னும் இறங்கியிருக்காது. வெயில் இருப்பதால் எண்ணெயும் சீக்கிரம் காயும்.

உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் கியூவைப் பார்க்க வேண்டும். நேராக இருக்கிறதா என்று மேஜையில் உருட்டிப் பார்ப்பது எல்லோர் பழக்கமும். ஸ்னூக்கர் கியூவில் அது பாதி ஏமாற்று வேலை. பட் முனையில், அதாவது கையில் பிடிக்கும் தடித்த முனையில், ஒரு பக்கம் சப்பையாகச் செதுக்கி, பெயர்த்தகடு பதித்திருப்பார்கள். உருட்டும்போது அந்தச் சப்பை வரும் இடத்தில் கியூ தடுக்கி விழும். பார்க்கிறவர் கோணல் என்று முடிவு கட்டிவிடுவார். பட் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல நுனி வரை பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு துண்டாகக் கழலும் ஜாயிண்ட் உள்ள கியூ என்றால் ஷாஃப்டை, அதாவது நுனிப்பக்கத் துண்டை, மட்டும் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. வளைவு ஷாஃப்டில் இருக்கிறதா ஜாயிண்டில் இருக்கிறதா என்பது அப்போதுதான் பிரியும். ஜாயிண்டில் என்றால் பாதி நேரம் அது வெறும் அழுக்கு: இரண்டு முகங்களுக்கும் நடுவில் சாக் தூள் சிக்கியிருக்கும். உலர்ந்த பல் விளக்கும் பிரஷ் போதும். மரத்திலேயே லேசான வளைவு என்றால் விட்டுவிடுங்கள். ஆவி காட்டி நிமிர்த்தியது அடுத்த மழையில் திரும்பி வரும்.

அடுத்தது வெர்னியர் காலிப்பரில் தடிமன் அளப்பது. ஃபெரூலை ஒட்டி, நுனியிலிருந்து 6 அங்குலத்தில், 12 அங்குலத்தில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் என நாலு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். வேலை முடியும்போது எந்த இடத்திலும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. இந்த ஒரு கணக்கு இல்லாமல் தேய்த்துத்தான் நல்ல கியூக்கள் நுனியில் குச்சியாகிப் போகின்றன. அடித்தால் அதிர்கிறது, பந்து திசை மாறுகிறது, நுனியில் ஒட்டும் தோல் துண்டான டிப்பைக் குறை சொல்லிக்கொண்டு மாற்றி மாற்றி ஒட்டுவார்கள்.

மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்று போதும். ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். ஒரு நிமிஷத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லை என்றால் தின்னர் தொட்டுப் பாருங்கள்; அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பி.யு. (பாலியூரித்தேன்) வகை. ஸ்பிளைஸ் பக்கம், அதாவது பட்டின் கருங்காலியும் ஆஷும் சேரும் இடத்தில், இந்தச் சோதனை வேண்டாம். கருங்காலிக்கும் ஆஷுக்கும் நடுவில் போடும் பச்சை, சிவப்பு வெனீரின் சாயம் ஸ்பிரிட்டில் இளகி வெள்ளை மரத்தில் ஏறிவிடும். ஏறினால் இறங்காது. பெயிண்ட் ரிமூவர் ஊற்றுவதும் இதே காரணத்தால் கூடாது, அது பசை இணைப்புக்குள்ளும் புகும்.

பழைய பூச்சை எடுக்க முதலில் ஃபெரூல், ஸ்பிளைஸ் முனைகள், ஜாயிண்ட் வளையம் மூன்றையும் மாஸ்கிங் டேப்பால் சுற்றுங்கள். ஃபெரூல் டேப்பை மறந்தால் தேய்ந்த பித்தளைத் தூள் கருப்பாகிப் பக்கத்து ஆஷ் மரத்தின் கண்களுக்குள் (நுண்துளைகளுக்குள்) இறங்கும். அதை வெளியே எடுக்க இன்னும் தேய்க்க வேண்டும், அளவு குறையும். லாக்கர் கெட்டியாக இருந்தால் 320, மற்றபடி 400 நம்பர் தாளில் ஆரம்பம். தச்சு வேலைக்கு வைத்திருக்கும் 120-ஐ எடுத்துவிடாதீர்கள், அதன் கீறலை எடுக்கவே 0.1 மில்லிமீட்டர் போய்விடும். தாளை உள்ளங்கையில் மடித்து, ஜாயிண்டிலிருந்து ஃபெரூல் வரை ஒரே நீளமான இழுப்பு. பத்து இழுப்புக்கு ஒரு தடவை கியூவை எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். குறுக்கே சுற்றித் தேய்க்கக் கூடாது, அழுக்கு தெரியும் இடத்தில் மட்டும் நின்று தேய்க்கவும் கூடாது. முதல் தப்பில் நாரை வெட்டும் வளையக் கீறல் விழும். எண்ணெய் போட்டதும் அது பளிச்சென்று கருப்பாகத் தெரியும். இரண்டாவதில் கியூவுக்கு இடுப்பு விழும்.

400 முடிந்து 600, பிறகு 800. ஆஷில் அம்புமுனை போல வரும் வரிகள் இந்தக் கட்டத்தில் தெளிவாக எழும். மேப்பிள் என்றால் வரி மங்கலாகத்தான் இருக்கும். அதன் கண்கள் பொடி, வேலை சீக்கிரம் முடியும். ஆஷின் கண்கள் திறந்தவை. சாக் தூளும் கை அழுக்கும் அங்கேதான் குடியேறும்.

பள்ளம் இருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும். நார் அறுந்த வெட்டு எழாது. கதவிடுக்கில் அமுங்கியது, மேஜை விளிம்பில் மோதியது போன்ற அமுங்கல்கள் எழும். நாலு மடிப்புப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து பள்ளத்தின்மேல் வைத்து, சால்டரிங் அயர்னின் பக்கவாட்டாலோ இஸ்திரிப் பெட்டியின் மூக்காலோ 2, 3 விநாடி தொடுங்கள். சுரீர் என்று ஆவி வந்ததும் எடுங்கள். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், துணியை எடுத்த பிறகு ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஃபெரூலிலிருந்து மூன்று அங்குலத்துக்குள்ளும் ஸ்பிளைஸின் மேலும் சூடு காட்டாதீர்கள், பசை விட்டுப்போகும்.

எண்ணெய்க்கு முன் கடைசியாக, ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பிழிந்த துணியால் ஒரே துடைப்பு. அரை மணி நேரத்தில் பொடி நார்கள் முள்ளாக நிமிரும். 1000 நம்பரில் மெதுவாக நாலு இழுப்பு. இதை இப்போது செய்யாவிட்டால் முதல் ஆட்டத்தில் கை வியர்வை அந்த வேலையைச் செய்யும். கியூ சொரசொரத்துப் போகும்.

இனி எண்ணெய். எல்லையின் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் முதலில் நீளும் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான். வேண்டவே வேண்டாம். எண்ணெய் "காய்வது" என்பது ஆவியாகிப் போவது அல்ல, காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பிசினாக இறுகுவது. அந்தத் திறனை அயோடின் எண் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 100-ஐச் சற்றுத் தாண்டும், தேங்காய் எண்ணெய்க்கு 10 பக்கம்தான். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் காயாது. ஆஷ் கண்களுக்குள் ஈரமாகவே கிடந்து தூசியை இழுக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் மார்கழிக் காலையில் வெள்ளைப் புள்ளியாகவும் தெரியும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுப்பில் நிற்கும். விளக்கெண்ணெயும் காயாத ரகம்தான்.

பெயிண்ட் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்பு சேர்த்தது அது. வாயில் வைக்கும் எண்ணெய் இல்லை, பாட்டிலில் எழுதி வையுங்கள். பச்சை லின்சீட் ஆயிலும் நல்லதுதான், ஆனால் ஒரு பூச்சு காய ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பொறுமைக்காரர்களுக்கு.

முதல் பூச்சுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதே அளவு டர்பெண்டைன். ஒரு ஷாஃப்டுக்கு இது தாராளம். பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு நீளவாட்டில் தடவி, 15 நிமிஷம் விட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். இந்தத் துடைப்பில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய் மரத்துக்குள் இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது. துடைத்த பிறகு புதுத் துணியால் ஒரு தடவை இழுத்தால் துணியில் கறை படியக் கூடாது, அதுவரை துடையுங்கள். சித்திரை வெயில் காலத்தில் 24 மணி நேரம் போதும், மழை ஈரத்தில் மூன்று நாள் ஆகும். இரண்டாவது, மூன்றாவது பூச்சு டர்பெண்டைன் இல்லாமல், இன்னும் குறைவாக. அரை டீஸ்பூன் போதும். பூச்சுகளுக்கு நடுவே 2000 நம்பர் தாளில் மெல்ல ஒரு தடவை. மூன்றுக்கு மேல் போட்டால் கியூ அழகாக மஞ்சளாகும், ஆனால் பாலமாக வைக்கும் கைவிரல்களில் வழுக்காது.

இரண்டு நாள் கழித்தும் ஒட்டுகிறது என்றால் துடைத்தது போதவில்லை என்று அர்த்தம். மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்கப் பார்க்காமல், டர்பெண்டைன் தொட்ட துணியால் மேலே நிற்பதைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி காயவிடுங்கள்.

துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியிலோ பீரோ மூலையிலோ போடாதீர்கள். காயும்போது ஆளிவிதை எண்ணெய் சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை, ஆளிவிதை எண்ணெய்த் துணி இப்படித்தான் எரியும். ஒவ்வொன்றையும் தனியாக விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். அவசரம் என்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கடைசிப் பூச்சு காய்ந்து ஒரு வாரம் ஆனபின் மெருகு. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கமோ, மடித்த கெட்டிப் பருத்தித் துணியோ எடுத்து, கையில் சூடு தெரியும் வரை வேகமாக நீளவாட்டில் தேயுங்கள். அதோடு ஷாஃப்ட் வேலை முடிந்தது. தேன்மெழுகு பூசச் சொல்கிறவர்கள் உண்டு. குளிர் நாட்டுக் கைகளுக்கு அது சரியாக இருக்கலாம். நம்ம வியர்வையில் 62 டிகிரி பக்கம் உருகும் மெழுகு அதற்கு வெகு கீழேயே இளகி இழுக்கும். கார்னோபா 80-ஐத் தாண்டித்தான் உருகும், அதனால் பட் பகுதிக்கு அதைக் கொஞ்சம் பூசலாம். கார் பாலீஷ் வேண்டாம். அதிலிருக்கும் சிலிக்கோன் மரத்தில் ஏறிவிட்டால் பின்னால் போடும் எந்தப் பூச்சும் மீன்கண் போலச் சுருண்டு விலகும்.

எண்ணெய்ப் பூச்சுக்கு ஒரு குறை உண்டு: ஈரத்தை அது பெரிதாகத் தடுக்காது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பி.யு. அதைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் பி.யு. போட்ட ஷாஃப்ட் வியர்த்த விரலில் கவ்வும், கியூ ஓட்டம் தத்தித் தத்திப் போகும். ஷாஃப்டுக்கு எண்ணெய், பட் பகுதியில் இருக்கிற லாக்கர் நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் என் ஓட்டு. கருங்காலியோ ஈட்டியோ பளபளக்க வேண்டும் என்று முழுக் கியூவையும் உரிப்பவர்கள், வேலையை வீணாகப் பல மடங்காக்கிக்கொள்கிறார்கள்.

ஃபெரூல் விஷயத்துக்கு வருவோம். தையில் பித்தளை இடறினால் மரத்தைத் தொடாதீர்கள். மரத்துக்கு டேப் சுற்றி, பித்தளையின் கூர் விளிம்பை மட்டும் 2000 தாளில் இரண்டு சுற்று மழுக்கினால் போதும், ஆடியில் மரம் திரும்பி வந்து சமமாகும். ஃபெரூல் இடறுவது வேறு, கழன்று ஆடுவது வேறு. பந்தை அடிக்கும்போது "டிக்" என்று காய்ந்த சத்தம் வந்து, ஃபெரூலைத் திருகிப் பார்த்தால் அசைந்தால், பசை விட்டிருக்கிறது. சூடான சால்டரிங் அயர்னைப் பித்தளையில் அரை நிமிஷம் வைத்தால் கழன்று வரும். பழைய பசையைச் சுரண்டி, 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸியில் ஒட்டுங்கள். 5 நிமிஷ எபாக்ஸி இந்த அதிர்ச்சியைத் தாங்காது. மரம் ரொம்ப இளைத்துப் புது ஃபெரூல் கடைய வேண்டி லேத் பட்டறைக்குப் போனால், கியூவை மூன்று தாடைச் சக்கில் நேராகக் கவ்வ விடாதீர்கள். இரும்பு தாடை ஆஷில் மூன்று பள்ளம் போடும். தோல் சுற்றச் சொல்லுங்கள்.

டிப்பை எப்போது மாற்றுவது? எல்லா வேலையும் முடிந்த பிறகு. முன்னாலேயே உரித்துவிட்டால் நுனியின் வெட்டு மரம் எண்ணெயை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும், பிறகு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. அதுவரை பழைய டிப் மூடியாக இருக்கட்டும்.

9.5 ஃபெரூலுக்கு 10 மில்லிமீட்டர் டிப். பழையதைப் பிளேடால் சீவி, மிச்சப் பசையைச் சுரண்டுங்கள். நுனியில் இரும்பு ஸ்கேல் ஓரத்தை வைத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. புது டிப்பின் அடியைக் கண்ணாடியில் விரித்த 240 தாளில் எட்டு போடுவது போல நாலு சுற்று தேய்த்துக்கொள்ளுங்கள். ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு, ஒரு நிமிஷம் அழுத்தம், பிறகு இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். கான்டாக்ட் பசை என்றால் இரண்டு பக்கமும் மெல்லப் பூசி 10 நிமிஷம் விட்டு ஒட்டி, ஒரு ராத்திரி. கியூவைத் தலைகீழாக நிறுத்தி, டிப் முகத்தைப் பலகையில் ஊன்றி, புதுப் பிளேடால் பித்தளையை ஒட்டி மேலிருந்து கீழே சீவினால் விளிம்பு சுத்தமாக வரும். பித்தளைக்கு டேப் சுற்றி 600-ல் பக்கவாட்டைச் சமப்படுத்தி, விரலில் எச்சில் தொட்டு ஈரமாக்கித் தோலால் தேய்த்தால் ஓரம் இறுகும். இந்த எச்சில் வேலையைத் தள்ளிவிட்டால் பத்தே நாளில் டிப் குடை விரிக்கும். ஓரத்துத் தோல் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அடுத்த டிப்.

தினப்படி வேலை கொஞ்சம்தான். ஆடி முடித்ததும் முதல் ஒரு அடியை உலர்ந்த துணியால் துடைப்பது, வாரத்துக்கு ஒரு தடவை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துவது. பாண்ட்ஸ் பவுடரைக் கையில் கொட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் குறையுங்கள். வியர்வையும் பவுடரும் சேர்ந்து ஆஷ் கண்களில் மாவு பிசைந்தது போல அடைத்துக்கொள்ளும்.

கியூவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஒன்று தரையில் கிடை, அல்லது செங்குத்து. பொள்ளாச்சியில் ஏ.சி. ஹாலில் ஆடிவிட்டு ஆடி மாச ராத்திரியில் வெளியே வந்ததும் கேஸைத் திறந்தால், குளிர்ந்த பித்தளையில் பனி பிடிக்கும். அந்த ஈரம் நேராகப் பக்கத்து மரத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். கேஸின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் வெல்வெட்டும் ஈரத்தை வைத்திருக்கும், மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் கியூவை எடுத்துவிட்டுக் கேஸை மட்டும் வெயிலில் விரியுங்கள். 5 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டால் ஆனியிலிருந்து புரட்டாசி வரை உதவும். கார்த்திகை பிறந்ததும் அதை எடுத்துவிடுங்கள், கீகாத்தே போதுமான அளவு உறிஞ்சுகிறது. காருக்குள்ளும் வேண்டாம், வேலந்தாவளம் செக்போஸ்ட் வரிசையில் மாசி வெயிலில் நின்ற காரின் டிக்கிச் சூடு எபாக்ஸி ஒட்டுக்கு ஆகாது.